பெரிய கம்பெனி கேட்கும் கரியமிலக் கணக்கு: மளிகை வியாபாரி என்ன எழுதிக் கொடுப்பது?

2025 ஆவணி மாதம் ஒருநாள், விளக்கு வைக்கிற நேரம். எங்கள் மண்டியில் கணக்கு எழுதும் தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கேன்டீன்காரங்க கார்பன் கேட்டிருக்காங்க" என்றார். பில் புத்தகத்துக்கு நடுவில் வைக்கிற நீலத் தாள்தானே, ஒரு பெட்டி வாங்கி நாளைய வண்டியில் போட்டு விடு என்று சொல்லிவிட்டேன். தம்பி சிரித்தார். வந்திருந்தது முப்பத்தெட்டு கேள்விகள் கொண்ட படிவம். எங்கள் கடை, கிடங்கு, வண்டி எல்லாம் சேர்ந்து ஓராண்டில் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகின்றன, அதில் அவர்களுக்கு அனுப்பிய சரக்கின் பங்கு எவ்வளவு, முப்பது நாளில் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

இந்தக் கேன்டீன் ஒப்பந்தக்காரர் ஒரு பெரிய தொழிற்சாலைக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடுகிறவர். ஒன்பது வருடமாக எங்கள் வாடிக்கை. மாதம் இருபது டன் சரக்கு போகிற இடம். கடிதத்தின் கடைசி வரியில், அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இந்தப் பதிலும் கருத்தில் கொள்ளப்படும் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரி இல்லாமலிருந்தால் நான் இதைப் படித்தே இருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, இன்னும் மூன்று உறுப்பினர்களுக்கு இதே மாதிரி படிவம் வந்திருப்பது தெரிந்தது. ஒருவர் ஏதோ விளம்பரம் என்று அழித்துவிட்டார். இன்னொருவர் ஆலோசகர் என்று சொல்லி வந்தவரிடம் நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து எழுதி வாங்கியிருந்தார். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நாற்பதாயிரம் ரூபாய் வேலை இதில் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் கேட்கிறார்கள்?

கம்பெனிகள் கரியமிலக் கணக்கு எழுத உலகம் முழுவதும் பெரும்பாலும் ஒரே முறையைத்தான் பின்பற்றுகின்றன. அமெரிக்காவிலுள்ள உலக வள ஆய்வு நிறுவனமும், பெருந்தொழில் நிறுவனங்கள் சேர்ந்த ஓர் அமைப்பும் 2001-ல் வெளியிட்ட முறை அது. அதில் ஒரு கம்பெனியின் கணக்கை மூன்று வட்டமாகப் பிரிக்கிறார்கள். படிவத்தில் ஸ்கோப் 1, ஸ்கோப் 2, ஸ்கோப் 3 என்று இருக்கும். நம் கையால் நேரடியாக எரிப்பது முதல் வட்டம்: நம் வண்டியின் டீசல், ஜெனரேட்டர், அடுப்பு கேஸ், குளிர்பதனப் பெட்டியிலிருந்து கசியும் கேஸ். வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் இரண்டாம் வட்டம். நாம் வாங்கும் சரக்கு, வாடகை லாரி, விற்ற சரக்கின் பின்கதை என்று மீதி எல்லாம் மூன்றாம் வட்டம். இந்த மூன்றாம் வட்டத்துக்கு மட்டும் 2011-ல் தனியாக விதிகள் எழுதிப் பதினைந்து தலைப்பாகப் பிரித்தார்கள். வாங்கும் சரக்கு அதில் முதல் தலைப்பு.

நம்முடைய முதல் வட்டமும் இரண்டாம் வட்டமும் நம்மிடம் வாங்குகிறவருக்கு மூன்றாம் வட்டம். அதனால்தான் அவர் நம்மிடம் வருகிறார். கேன்டீன்காரரிடம் தொழிற்சாலை கேட்கிறது, தொழிற்சாலையிடம் வெளிநாட்டுத் தலைமை அலுவலகம் கேட்கிறது. சங்கிலியின் கடைசி வளையமாக நாம் நிற்கிறோம்.

சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்துகிறதா என்று பலர் கேட்டார்கள். நம்மை நேரடியாகக் கட்டாயப்படுத்தவில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளில் மதிப்பில் முதல் ஆயிரம் கம்பெனிகள், 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்று செபி வைத்திருக்கிறது. முதல் 250 கம்பெனிகள் தங்களுக்குச் சரக்குத் தருபவர்கள் விவரத்தையும் சேர்க்க வேண்டும் என்று 2023 ஜூலையில் சொன்னது. பிறகு 2025 மார்ச்சில் அதைத் தளர்த்தி, 2025-26 முதல் விருப்பமுள்ளவர்கள் தரலாம் என்று மாற்றியது. அதிலும், அந்தக் கம்பெனியின் மொத்தக் கொள்முதல் மதிப்பில் தனியொருவராக 2 சதவீதமோ அதற்கு மேலோ சரக்குத் தருபவர்தான் கணக்கில் வருவார். ஒரு மோட்டார் கம்பெனியின் கொள்முதலில் நம் பருப்பும் மிளகாயும் 2 சதவீதம் வருமா? எக்காலத்திலும் வராது.

எனவே படிவம் வந்தால் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இது செபி விதிக்காகவா, உங்கள் கம்பெனியின் சொந்த இலக்குக்காகவா? எங்களுக்கு வந்த பதில், சொந்த இலக்கு என்பதுதான். அப்படியானால் காலக்கெடுவும் கேள்விகளும் பேசித் தீர்க்கக் கூடியவை. எங்களுக்கு முப்பது நாள் அறுபது நாளாயிற்று. முப்பத்தெட்டு கேள்வியில் பதினொன்று எங்களுக்குப் பொருந்தாது என்று அவர்களே நீக்கினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "கார்பன் லைசென்ஸ் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்" என்று சிலர் கடை கடையாக வருவதாகக் கேள்வி. மளிகைக் கடைக்கு அப்படி ஒரு லைசென்ஸ் கிடையாது. மத்திய அரசு 2023-ல் அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அலுமினியம், சிமெண்ட், காகிதம் போன்ற பெரும் ஆலைகளை மனதில் வைத்து வந்தது.

நாம் பதில் தராவிட்டால்?

அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். நமக்குக் கொடுத்த பணத்தை வைத்து ஒரு மதிப்பீடு போடுவார்கள். உணவுப் பொருள் இவ்வளவு ரூபாய்க்கு வாங்கினோம், ரூபாய்க்கு இவ்வளவு கரியமிலம் என்று பெருக்கிவிடுவார்கள். விதிகளும் அதை அனுமதிக்கின்றன. இதிலுள்ள கோளாறு நம்மைப் போன்றவர்களுக்கு உடனே புரியும். 2023-ல் துவரம்பருப்பு விலை ஏறி, ஜூன் மாதம் மத்திய அரசு இருப்புக் கட்டுப்பாடு கொண்டுவந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு மூட்டை கூட அதிகம் போகவில்லை, விலைதான் ஏறியது. ஆனால் ரூபாய்க் கணக்கில் பார்த்தால் நம் கடைப் புகையும் அதோடு சேர்ந்து ஏறியதாகத்தான் அவர்கள் ஏட்டில் இருக்கும். நல்ல வண்டி, சிக்கன விளக்கு என்று நாம் என்ன செய்திருந்தாலும் அதில் தெரியாது. ஆகவே எடையை வைத்து நாமே கணக்குக் கொடுப்பது நமக்குத்தான் நல்லது.

எங்கள் கடைக் கணக்கு

முழு எண்ணாக்கித் தருகிறேன். உங்கள் எண்ணை இந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய ஓராண்டு.

எங்கள் இரண்டு மினி லாரிகளுக்கும் சேர்த்து டீசல் 6,000 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.68 கிலோ கரியமில வாயு. ஒரு லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவு, அதிலிருந்து இரண்டரை கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று என் மகனிடம் சண்டை போட்டேன். எரியும்போது டீசலிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்கிறது, அந்தக் காற்றின் எடையும் சேர்ந்துவிடுகிறது என்றான். சரிதான். ஆக 16,080 கிலோ. ஜெனரேட்டருக்கு 300 லிட்டர், 804 கிலோ. வேலையாட்களுக்குச் சமைக்க 19 கிலோ கேஸ் சிலிண்டர் பன்னிரண்டு, அதாவது 228 கிலோ கேஸ். ஒரு கிலோ கேஸுக்கு ஏறக்குறைய 3 கிலோ வீதம் 684 கிலோ.

அடுத்ததுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. அலுவலக அறை ஏ.சி. அந்த வருடம் குளிரவில்லை. மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றினார், ஒரு கிலோ. ஆர்-410ஏ என்று பில்லில் எழுதியிருந்தது. ஏற்றியது ஒரு கிலோ என்றால், அதற்கு முன் ஒரு கிலோ கசிந்து போயிருக்கிறது என்று பொருள். இந்தக் கேஸ் கரியமில வாயுவைவிட 2,088 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. எனவே ஒரு கிலோ கசிவு 2,088 கிலோவாக எழுதப்படுகிறது. ஏறக்குறைய 780 லிட்டர் டீசல் எரித்ததற்குச் சமம்! ஐஸ்கிரீம் பெட்டி, பால் குளிர்பெட்டி வைத்திருக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எந்தக் கேஸ், எத்தனை கிலோ என்று மெக்கானிக்கிடம் பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய ஏ.சி.யில் ஆர்-22 என்ற கேஸ் இருந்தால் அதைத் தனிக் குறிப்பாகக் காட்ட வேண்டும், முதல் வட்டத்தில் கூட்டக் கூடாது. அது வேறு சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வருவது.

மின்சாரம் கடைக்கும் கிடங்குக்கும் சேர்த்து 18,000 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும் பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால், யூனிட்டுக்கு எவ்வளவு கரியமிலம் என்று மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அப்போது கையில் இருந்தது 2023-24 ஆண்டுக்கான 0.727 கிலோ. ஆக 13,086 கிலோ. உங்கள் கணக்கை எழுதும்போது ஆணையத்தின் கடைசி வெளியீட்டைப் பார்த்து, எந்த ஆண்டு எண் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

முதல் வட்டம் 19,656 கிலோ, இரண்டாம் வட்டம் 13,086 கிலோ. மொத்தம் 32,742 கிலோ, அதாவது முப்பத்திரண்டே முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு.

பங்கு பிரிப்பதில்தான் வம்பு

ஆண்டில் நாங்கள் விற்றது 3,000 டன். கேன்டீனுக்குப் போனது 240 டன், 8 சதவீதம். மொத்தத்தில் 8 சதவீதம் என்றால் 2,619 கிலோ. டன்னுக்கு 11 கிலோ கூட வரவில்லை. பார்க்க அழகான எண். அதையே எழுதி அனுப்பியும் விட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பிதான் கேட்டார். "அண்ணாச்சி, நம்ம வண்டி தினமும் அவங்களுக்குத்தானே போகுது. மத்தவங்க எல்லாம் பாதிப்பேர் அவங்களே வந்து ஏத்திக்கிட்டுப் போறாங்க. டீசல்ல எட்டு சதவீதம்தானா அவங்க பங்கு?"

உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். மாதம் 26 நடை, போகவர 70 கிலோமீட்டர். ஆண்டுக்கு 312 நடை, 21,840 கிலோமீட்டர். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி. 2,184 லிட்டர் டீசல் அவர்களுக்காகவே எரிந்திருக்கிறது. அது மட்டும் 5,853 கிலோ. மற்றவர்களுக்கு ஓடிய மீதி டீசலைக் கேன்டீன் தலையில் கட்டக் கூடாது, அதை ஒதுக்கிவிட வேண்டும். மின்சாரம், ஜெனரேட்டர், சமையல், ஏ.சி. கேஸ் ஆகிய பொதுச் செலவு 16,662 கிலோ. இதில் 8 சதவீதம் 1,333 கிலோ. கூட்டினால் 7,186 கிலோ. டன்னுக்கு ஏறக்குறைய 30 கிலோ. முதலில் கொடுத்ததைப் போல இரண்டே முக்கால் மடங்கு.

முறையும் இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். யாருக்காக என்று நேராகத் தெரிந்த செலவை முதலில் அவர் பெயரில் எழுத வேண்டும். பிரிக்க முடியாத பொதுச் செலவைத்தான் எடை விகிதத்திலோ மதிப்பு விகிதத்திலோ பங்கிட வேண்டும். நம் பேரேட்டில் செய்வதும் இதுவேதான். ஒரு வாடிக்கையாளருக்குப் போன வண்டி வாடகையை எல்லாருக்கும் பிரித்தா எழுதுகிறோம்? எடையா மதிப்பா என்பதிலும் எண் மாறும். எங்கள் மற்ற வியாபாரத்தில் உப்பும் மாவும் எடையில் அதிகம். கேன்டீனுக்குப் போவது துவரையும் மிளகாயும் எண்ணெயும். மதிப்பில் பார்த்தால் அவர்கள் பங்கு 12 சதவீதம். எதை எடுத்தாலும் எடுத்ததை எழுதிவைத்து, வருடா வருடம் அதையே பின்பற்ற வேண்டும். சௌகரியத்துக்கு மாற்றினால் பிடித்துவிடுவார்கள்.

சிறிய எண்ணை அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு இரவு யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. போட்டிக் கடைக்காரர் என்ன எண் கொடுத்திருக்கிறாரோ, நம்முடையது பெரிதாகத் தெரிந்தால் ஒப்பந்தம் போய்விடுமோ என்ற பயம். மறுநாள் திருத்திய கணக்கை அனுப்பினேன். தம்பிக்குத் தெரிந்த தப்பு அவர்கள் கணக்குப் பிள்ளைக்கும் ஒருநாள் தெரியாமலா போகும்?

சரக்கு வந்த வழி

வடக்கேயிருந்து துவரை வரும் லாரி நம்முடையது அல்ல, வாடகை லாரி. அது நமக்கு மூன்றாம் வட்டம், டீசல் கணக்கில் சேர்க்கக் கூடாது. மாத வாடகைக்கு வண்டி எடுத்து டீசல் நாமே போட்டால் அது நம் முதல் வட்டம். எங்கள் படிவத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். வாடகை லாரியைத் தனியாகக் காட்டலாம். 16 டன் பாரம், 800 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 200 லிட்டர், 536 கிலோ. டன்னுக்கு 33.5 கிலோ. நம் கடை, கிடங்கு, விளக்கு, ஏ.சி. எல்லாம் சேர்ந்து டன்னுக்கு ஐந்தரை கிலோதான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்கும் மேலே வயல் இருக்கிறது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பூர் என்பவரும் சுவிட்சர்லாந்தின் நெமசெக் என்பவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், உலக சராசரியாக ஒரு கிலோ அரிசிக்கு 4 கிலோவுக்கு மேலும், பருப்பு வகைகளுக்கு ஏறக்குறைய 1 முதல் 2 கிலோ வரையும் வந்தது. நெல் வயலில் தண்ணீர் நிற்பதால் மண்ணிலிருந்து மீத்தேன் என்ற வாயு வருகிறது. அதுவே அரிசிக் கணக்கு ஏறுவதற்குப் பெரிய காரணம். பருப்புச் செடி காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சிலேயே பிடித்துக்கொள்வதால் யூரியா அதிகம் வேண்டியதில்லை, அதனால் குறைவு. ஆக ஒரு டன் பருப்புக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் வயலைச் சேர்ந்தது, முப்பது கிலோ நம்மைச் சேர்ந்தது. இவ்வளவு சின்னப் பங்குக்கு நம்மை இந்தப் பாடு படுத்துகிறார்கள் என்று கோபம் வருகிறது. வந்து என்ன செய்ய? வயலை அவர்களால் நேரில் போய்க் கேட்க முடியாது, நம்மைக் கேட்க முடிகிறது.

அரிசி ஆலைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: புழுங்கலுக்குக் கொதிகலனில் உமி எரிப்பவர்கள், உமியிலிருந்து வரும் கரியமிலத்தை வட்டங்களுக்கு வெளியே தனியாகக் காட்டுவதுதான் முறை. நிலக்கரியோடு சேர்த்துக் கூட்டி எழுதினால் உங்கள் எண் வீணாக மலைபோல் தெரியும்.

தவறுகள்

சங்க உறுப்பினர்கள் நால்வரின் படிவத்தையும் வைத்துப் பார்த்ததில் கண்டவை இவை. ஒருவர் யூனிட் கேட்ட இடத்தில் மின்கட்டண ரூபாயைப் போட்டிருந்தார். பதினெட்டாயிரம் யூனிட் கடை ஒன்று லட்சக்கணக்கில் யூனிட் எரிக்கும் ஆலையாகிவிட்டது. ஒருவர் கிலோ கேட்ட இடத்தில் சிலிண்டர் எண்ணிக்கையை எழுதியிருந்தார். ஒருவர் சிப்பக் கணக்கையே கொடுத்தார், ஐம்பது கிலோ சிப்பமா முப்பது கிலோ சிப்பமா என்று சொல்லவில்லை. மின் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால் மார்ச், ஏப்ரல் இரண்டும் ஒரே பில்லில் வந்துவிடும். நாள் கணக்கில் பிரித்து எழுத வேண்டும்.

பெரிய தொல்லை டீசல்தான். டிரைவரிடம் வண்டிச் செலவு என்று மொத்தமாகப் பணம் கொடுக்கிறோம். பேட்டா, டீசல், சுங்கம் எல்லாம் அதற்குள். எத்தனை லிட்டர் என்று எந்த ஏட்டிலும் இருக்காது. பங்க் பில் வாங்கி வைத்தாலும், சூட்டில் அச்சாகும் அந்தத் தாள் ஆறு மாதத்தில் வெள்ளையாகிவிடுகிறது. எங்களிடம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கட்டு வெற்றுத் தாள்தான் இருந்தது. பங்கில் கடன் கணக்கு வைத்திருந்ததால் அவர்கள் லெட்ஜரைப் பார்த்து எழுதினோம். இப்போது பில் வந்த அன்றே செல்போனில் படம் எடுத்து, சிட்டையில் லிட்டரையும் வண்டி கிலோமீட்டரையும் குறிக்கிறோம்.

கொடுக்கக் கூடாதது

படிவத்தில் ஒரு பக்கம், "உங்களுக்குச் சரக்குத் தருபவர்களின் பெயர், முகவரி, ஆண்டுக் கொள்முதல், விலை" என்று கேட்டது. அங்கே நிறுத்திவிட்டேன். மொத்த வியாபாரியின் முதலே எங்கே வாங்குகிறோம், எந்த விலைக்கு வாங்குகிறோம் என்பதுதான். இருபது வருடம் அலைந்து பிடித்த ஆலைக்காரர் பெயரைக் கொள்முதல் இலாகா கையில் கொடுத்துவிட்டால், அடுத்த வருடம் நாம் எதற்கு? கரியமிலக் கணக்குக்குப் பெயர் தேவையில்லை. எந்த மாநிலம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை டன், லாரியா ரயிலா என்பது போதும். அப்படியே எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். கொடுக்கும் விவரத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று ஒரு வரி கடிதமும் கேட்டு வாங்கினேன். கேட்காமல் தர மாட்டார்கள்.

சில இடங்களில் மதிப்பீட்டு நிறுவனத்தின் சந்தாவையும் நாமே கட்ட வேண்டும் என்கிறார்கள். கட்டுவதற்கு முன், அதை வாடிக்கையாளர் ஏற்பாரா அல்லது விலையில் சேர்க்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள்.

என்ன ஆயிற்று?

திருத்திய எண்ணோடு கொள்முதல் மேலாளரை நேரில் போய்ப் பார்த்தேன். "சார், இதில் ஐயாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கிலோ நீங்கள் தினசரி ஆர்டர் போடுவதால் வருவது. முக்கால் டன் சரக்குக்கு ஒரு வண்டி. பருப்பும் மிளகாயும் காய்கறி இல்லையே, தினமும் புதிதாக வர?" என்றேன். அவர்களிடம் வைக்க இடமில்லை என்றார். ஒரு பழைய அறையைக் காலி செய்து, செவ்வாய், வியாழன், சனி மூன்று நாள் என்று முடிவாயிற்று. நடை பாதியானது. ஆண்டுக்கு 1,092 லிட்டர் டீசல் மிச்சம். கரியமிலத்தில் 2,927 கிலோ குறைவு. அப்போதைய விலையில் லிட்டர் 92 ரூபாய்ச் சொச்சம், ஆக எங்களுக்கு ஒரு லட்சம் ரூபாய். ஒன்பது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், யாரும் காது கொடுக்கவில்லை. கிலோ கணக்கில் எழுதிக் கொடுத்தபோது இரண்டு வாரத்தில் நடந்தது.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதற்காகக் கிலோவுக்கு ஒரு பைசா கூட்டித் தந்தார்களா என்றால் இல்லை. தம்பி ஒன்பது நாள் இந்த வேலையாகவே இருந்தார், அந்தச் சம்பளம் எங்களுடையது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு படிவம் அனுப்புகிறது. ஒன்று டன்னில், ஒன்று கிலோவில், ஒன்று நிதியாண்டு, ஒன்று காலண்டர் ஆண்டு. ஐரோப்பாவில் சிறு நிறுவனங்கள் இதே முறையீட்டை வைத்ததில், அவர்களுக்கென்று ஒரு சுருக்கமான பொது முறை 2024 டிசம்பரில் எழுதப்பட்டு, 2025 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் அதைப் பரிந்துரைத்தது. டீசல், மின்சாரம், கேஸ், எடை, தூரம் என்று ஒரே தாளில் அடங்கும் பொதுப் படிவத்தை நம் சங்கமே தயாரித்து, கேட்கும் கம்பெனிகளிடம் அதைக் காட்டலாம். செயற்குழு அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. படிவம் வந்தவர்கள் அதன் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் உதவியாக இருக்கும். பெயரை மறைத்துக் கொடுங்கள்.

படிவம் வராதவர்களும் ஒன்று செய்யலாம். மார்ச் 31 மாலை கடை அடைக்கும் முன், மின் மீட்டர் ரீடிங்கையும், ஒவ்வொரு வண்டியின் கிலோமீட்டரையும், ஜெனரேட்டர் டேங்கில் உள்ள டீசலையும், கையிருப்புச் சிலிண்டரையும் புதுக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். கால் மணி நேர வேலை.